நான்கு மீன்களும் ஒரு தூண்டிலும்

புறநானூற்றின் பதினெட்டாம் பாடலை நாம் ஆண்டுதோறும் வகுப்பில் நடத்திவருகிறோம். குடபுலவியனார் பாண்டியன் நெடுஞ்செழியனுக்குச் சொன்ன அறிவுரை அது. மறுமைச் செல்வம் வேண்டுமா, உலகம் முழுவதையும் வென்று ஒருவனாகவே ஆள வேண்டுமா, நிலைத்த புகழ் வேண்டுமா? மூன்றுக்கும் வழி ஒன்றுதான். நிலம் தாழ்ந்திருக்கும் இடமெல்லாம் நீரைத் தேக்கு என்கிறார் புலவர். நீரையும் நிலத்தையும் கூட்டியவர்கள் உடம்பையும் உயிரையும் படைத்தவர்கள் ஆவார்கள் என்ற கருத்து வருவதும் இங்கேதான். தேர்வில் வினா வருவதும் இவ்விடத்திலிருந்துதான். ஆகவே ஆசிரியரும் மாணவரும் அதை நோக்கி விரைவதும், வழியில் இருப்பவற்றைத் தாண்டிச் செல்வதும் இயல்பாகிவிட்டது.

அப்படி நாம் பல்லாண்டுகளாகத் தாண்டிச் சென்ற ஓரிடத்தில் நான்கு மீன்கள் இருக்கின்றன. அறிவுரை தொடங்கும் முன் புலவர் பாண்டியனின் மூதூரைச் சொல்கிறார், மதிலைச் சொல்கிறார், அகழியைச் சொல்கிறார். அந்த அகழியில் பூவைக் கவ்வும் வாளைக் கூட்டமும், மெல்லிய ஆரலும், பருத்த வராலும், நிறம் மின்னும் கெளிறும் (பாடலில் கெடிறு என்ற வடிவம்) இருக்கின்றன. ஒவ்வொரு மீனுக்கும் ஓர் அடை. கண்ணால் கண்டவர் அல்லாமல் வேறெவரும் இட முடியாத அடைகள் அவை.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நாள், முன் வரிசையில் இருந்த மாணவர் ஒருவர், "ஐயா, ஆரல்னா என்ன?" என்று கேட்டார். கையிலிருந்த உரைக்குறிப்பைப் பார்த்தோம். 'ஒருவகை மீன்' என்றிருந்தது. அதையே சொன்னோம். நம் உரைமரபில் இந்த 'ஒருவகை' என்னும் சொல் செய்துள்ள பணியைத் தனி ஆய்வாகவே எழுதலாம். ஒருவகைப் பூ, ஒருவகைப் பறவை, ஒருவகை யாழ், ஒருவகை மீன். தெரியாததைத் தெரிந்ததுபோல் சொல்வதற்கு இதைவிட மரியாதையான சொல் தமிழில் இல்லை.

மறுவாரம் பின்வரிசை மாணவர் ஒருவர் ஒரு பிளாஸ்டிக் குடத்தைத் தூக்கிக்கொண்டு துறை அறைக்கு வந்தார். சங்கரன்கோவிலுக்குக் கிழக்கே ஒரு சிற்றூர்க்காரர். குடத்தினுள் சாண் நீளத்தில், பாம்பு போலவும் மீன் போலவும், கூரிய மூக்கோடு ஒன்று நெளிந்துகொண்டிருந்தது. முதுகு நெடுகச் சிறு முட்கள். "எங்க ஊர்ல இத ஆரான்னு சொல்லுவோம் ஐயா. நீங்க சொன்ன ஆரல் இதுதான்னு தாத்தா சொன்னாரு" என்றார். நாற்பது வயதைத் தாண்டிய, தமிழில் முதுகலை படித்த நமக்கு ஆரல் அறிமுகமானது இவ்வாறுதான். அதை உயிரோடு பார்த்த பிறகே, புலவர் அதற்கு மட்டும் ஏன் மெலிவைக் குறிக்கும் அடையைத் தந்தார் என்பது விளங்கிற்று.

அந்தப் பாட்டனாரைத் தேடிப் போனதும், அதன்பின் விடுமுறைகளில் குளக்கரைகளில் அலைந்ததும், பழைய நூல்களைப் புரட்டியதும்தான் இக்கட்டுரைக்குக் காரணம். குளத்து மீனுக்கும் ஒரு வரலாறு உண்டு. அரசர் வரலாற்றைப் போலவே அதிலும் இடப்பெயர்ச்சி உண்டு, படையெடுப்பு உண்டு, நாடுகடத்தலும் உண்டு.

முதலில் நிலத்தைச் சொல்லவேண்டும். சங்கரன்கோவில் வட்டாரம் (2019 நவம்பரில் தென்காசி மாவட்டம் உருவாகும் வரை திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்தது) தாமிரபரணிக் கால்வாய்கள் எட்டாத பூமி. மேற்கே மலை தெரியும், மழைதான் தெரியாது. வைப்பாற்றுப் படுகையைச் சேர்ந்த இந்தப் பக்கத்தில் நிட்சேப நதி போன்ற காட்டாறுகள் ஆண்டில் சில நாட்கள் ஓடிப் பெயரைக் காப்பாற்றிக்கொள்கின்றன. வடகிழக்குப் பருவமழையை நம்பிக் கரை கட்டிய குளங்களே இங்கே உழவுக்கு ஆதாரம். காவடிச்சிந்து அண்ணாமலை ரெட்டியார் பிறந்த ஊரின் பெயரே சென்னிகுளம். ஐப்பசி, கார்த்திகையில் நிறைந்து, மறுகால் பாய்ந்து, பங்குனியில் சேறாகி, சித்திரையில் வெடித்துக் கிடப்பவை இக்குளங்கள். மாடு மேயும் அந்தத் தரையில் அடுத்த கார்த்திகையில் மீன் துள்ளும்.

அந்த மீன் எங்கிருந்து வருகிறது? மழையோடு விழுகிறது என்று நாமும் சிறுவயதில் நம்பியதுண்டு. உண்மை அதைவிட வியப்பானது. வரால் நீரில் மட்டுமன்றிக் காற்றையும் நேரே மூச்சிழுக்க வல்லது. குளம் வற்றும்போது ஈரச் சேற்றுக்குள் புகுந்துகொண்டு காத்திருக்கும். தேளியும் குரவையும் பனையேறிக் கெண்டையும் அவ்வாறே காற்றை உண்டு பிழைப்பவை. ஆரல் சேற்றில் புதைவதில் தேர்ந்தது. மற்ற மீன்கள் மடையடிப் பள்ளத்திலும் கிணற்றிலும் எஞ்சிய சிலவற்றிலிருந்தும், மறுகால் ஓடையில் எதிர்நீச்சல் போட்டுக் கீழ்க்குளத்திலிருந்து மேல்குளத்துக்கு ஏறுபவற்றிலிருந்தும் மீண்டும் பெருகுகின்றன. குளங்கள் ஒன்றன்கீழ் ஒன்றாகச் சங்கிலிபோல் கோத்துக் கட்டப்பட்டவை என்பது நீருக்கு மட்டுமன்று, மீனுக்கும் வழியாக இருந்தது. யாரும் குஞ்சு வாங்கி விட்டதில்லை. யாரும் தீவனம் போட்டதில்லை.

பாட்டனாரைப் பற்றிச் சொன்னோமே, அவர் தூண்டில்காரர். வலை அவருக்குப் பிடிக்காது. "வலை போடுறவன் குளத்த வாங்குறான். தூண்டிக்காரன் ஒரு மீன வாங்குறான்" என்பார். மூங்கில் கம்பு, தங்கூசி நரம்பு, மயிலிறகின் தண்டைத் தக்கையாகக் கட்டிய தூண்டில். கெண்டைக்கு மண்புழு. வராலுக்கோ அயிரையை உயிரோடு முள்ளில் கோத்துப் பாசி விலகிய இடத்தில் விட்டுவிட்டு உட்கார்ந்திருப்பார். இதைக் கண்டபோது நமக்கு மற்றொரு பாடம் கிடைத்தது. அயிரையை இட்டு வராலை வாங்குவது என்று பழமொழி நானூற்றில் ஒரு பழமொழி வருகிறது. சிறிது கொடுத்துப் பெரிது பெறுவதற்கு உவமை என்று கரும்பலகையில் எழுதிப்போட்டிருக்கிறோம். உவமையாக மட்டுமே அதை அறிந்திருந்தோம். அது நடைமுறையில் உள்ள ஒரு தொழில்நுட்பம் என்பது அந்தக் கரையில் உட்கார்ந்தபோதுதான் உறைத்தது.

தூண்டிலைப் பற்றி நம் இலக்கியத்தில் உள்ள மிகச் சிறந்த காட்சி வடக்கே, தொண்டை நாட்டில் இருக்கிறது. கடியலூர் உருத்திரங்கண்ணனார் தொண்டைமான் இளந்திரையனைப் பாடிய பெரும்பாணாற்றுப்படையில், காஞ்சிக்குப் போகும் வழியில் ஒரு கயம். பாண்மகன் ஒருவன் பச்சை ஊனைத் திணித்த தோற்பையுடன் நிற்கிறான். நெடிய மூங்கில் கோல், அதன் தலையில் இறுகக் கட்டிய கயிறு, வளைந்த வாயுடைய இரும்பு முள், அதைப் பொதிந்த இரை. ஒரு வாளை இரையைக் கவ்வுகிறது; முள்ளில் படாமல் தப்பி ஓடிவிடுகிறது; தூண்டில் வெறுமையாய் நிற்கிறது. அதற்கப்புறம் புலவர் சொல்வதைத்தான் எந்தத் தூண்டில்காரனும் தலையாட்டி ஒப்புக்கொள்வான்: தப்பிய அந்த வாளை, கரையோரப் பிரம்பின் நிழல் நீரில் ஆடினாலும் அதைத் தூண்டிற்கோல் என்றெண்ணி மிரள்கிறது.

ஒருமுறை முள்ளின் கூரை உணர்ந்த மீன் நிழலுக்கும் அஞ்சும் என்பதைக் கரையில் பல பொழுதுகள் உட்காராத ஒருவர் எழுதியிருக்க முடியாது. பாணர்களை யாழோடு மட்டுமே சேர்த்து எண்ணப் பழகிய நமக்கு, அவர்கள் மீன்பிடித்து வாழ்ந்தவர்களாகவும் சங்கப் பாடல்களில் வருவது நினைவில் நிற்பதில்லை. பரிசில் கிடைக்காத நாளில் அடுப்பு எரிந்தது தூண்டிலால்தான் போலும்.

பிற்காலத்துப் பள்ளு நூல்கள் நெல்வகையையும் மாட்டுவகையையும் அடுக்குவதுபோல் மீன்வகைகளையும் அடுக்கும். நம் திருநெல்வேலிச் சீமையின் முக்கூடற் பள்ளும் அந்த வழக்கத்துக்கு விலக்கன்று. இலக்கியச் சுவைக்காக அவ்வடுக்குகளைப் படிப்பது குறைவு. நாமும் மூச்சுவிடாமல் படித்துக் கடந்தவர்களே. இன்று அவற்றை எடுத்துப் பார்த்தால் ஊர்க் கணக்குப் புத்தகம்போல் தோன்றுகின்றன.

கணக்கு என்றவுடன் கல்வெட்டுகளுக்கு வரவேண்டும். இடைக்காலக் கல்வெட்டுகளில் பாசிப்பாட்டம், மீன்பாட்டம் என்ற சொற்கள் வருகின்றன. நீர்நிலையில் மீன்பிடிக்கும் உரிமைக்காகச் செலுத்திய வரி அல்லது குத்தகை இது. இன்றும் நம் பக்கத்து ஏல அறிவிப்புகளில் 'மீன்பாசி குத்தகை' என்றே எழுதுகிறார்கள். ஆயிரம் ஆண்டுப் பழைய வருவாய்ச் சொல் ஒன்று அரசு அலுவலகத்துத் தட்டச்சில் உயிரோடு இருப்பது மகிழ்ச்சிக்குரியதே. ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. மீன் வருவாயைக் குளத்தின் பராமரிப்புக்கே ஒதுக்கிய செய்திகள் கல்வெட்டுகளில் கிடைக்கின்றன. குளத்துக்கென்று ஏரிப்பட்டி நிலம் விட்டதும், உத்தரமேரூர்ச் சபை 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகளின்படி ஏரிவாரியத்துக்குக் குடவோலையில் ஆள் தெரிந்ததும் இதே எண்ணத்தின் பகுதிகள். குளம் தந்தது குளத்துக்குத் திரும்பிற்று. மன்னன் கொடியிலும் கோயில் விதானத்திலும் இருப்பது கயல். ஊரின் வரவு செலவில் இருந்ததோ வராலும் கெளிறும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்தக் கணக்கை எழுத வெளியூர் மனிதர்கள் வந்தார்கள். அவர்களில் இருவரைச் சொல்லவேண்டும். ஒருவர் பிரான்சிஸ் டே, சென்னை ராணுவத்தில் மருத்துவராக இருந்தவர். மற்றவர் ஹென்றி சல்லிவன் தாமஸ், சென்னை மாகாண சிவில் சர்வீஸ்காரர், தீராத தூண்டில் பைத்தியம்.

டே 1873இல் இந்தியா, பர்மா நன்னீர் மீன்களைப் பற்றி ஓர் அறிக்கை தந்தார். மாவட்ட அதிகாரிகளுக்கும் உள்ளூர் அலுவலர்களுக்கும் வினாக்களை அனுப்பி, உங்கள் பக்கம் மீன் கூடியிருக்கிறதா குறைந்திருக்கிறதா, வலையின் கண் எவ்வளவு, நெல்வயல்களில் குஞ்சுகளை அள்ளுகிறார்களா என்றெல்லாம் கேட்டுத் தொகுத்தது அது. தொடர்ந்து 1875க்கும் 1878க்கும் இடையில் இந்திய மீன்கள் பற்றிய அவரது பெருநூல் படங்களோடு வெளிவந்தது. அதில் மீனுக்கு மீன் முள் எண்ணிக்கை, செதில் எண்ணிக்கை, பல் வரிசை, நிறம். கூடவே காதால் கேட்ட தமிழ்ப் பெயரும் ரோமன் எழுத்தில். அந்தப் பெயர்கள் உச்சரிப்புச் சிதைந்து பார்க்க வேடிக்கையாகத்தான் இருக்கின்றன. ஆயினும் 'ஒருவகை மீன்' என்று எழுதிய நமக்குச் சிரிக்க உரிமையில்லை.

தாமஸ் வேறு வழியில் வந்தவர். தென்கன்னட மாவட்டத்தில் பணியாற்றியபோது மீன்வளம் குறித்து 1870இல் அறிக்கை எழுதினார். நுண்கண் வலைகளும் நஞ்சும் குஞ்சுகளை அழிப்பதைத் தடுத்தாலே ஆறுகள் தாமே நிறையும் என்பது அவர் வாதம். 1873இல் இந்தியாவில் தூண்டில் பிடிப்பது பற்றிய அவரது நூல் மங்களூரில் அச்சாயிற்று. மலையாறுகளின் மகசீர் அதன் நாயகன். எல்லாருக்கும் மலையாறு கிட்டுமா? 1887இல் குளத்தில் தூண்டில் போடுவதற்கென்றே தனியாக ஒரு நூல் எழுதினார். குளத்துத் தூண்டிலை நூலாக்கத் தகுந்த பொருளாக ஓர் ஆங்கில அதிகாரி கருதியிருக்கிறார்; அதே காலத்தில் நம் புலவர்கள் யமகமும் திரிபும் பாடிக்கொண்டிருந்தார்கள் என்பதைக் குறையாகச் சொல்லவில்லை, குறித்துவைக்கிறோம்.

இவ்விருவரும் பிறரும் எழுப்பிய குரலின் விளைவுகளில் ஒன்று 1897ஆம் ஆண்டின் இந்திய மீன்வளச் சட்டம். வெடிவைத்து மீன் பிடிப்பதையும், நீரில் நஞ்சு கலந்து மீன் கொல்வதையும் அது குற்றமாக்கியது. வலையின் கண்ணளவுக்கும் மீன்பிடி தடைக்காலத்துக்கும் விதி செய்யும் அதிகாரத்தை மாகாண அரசுகளுக்குக் கொடுத்தது. இந்த நஞ்சுத் தடையை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம். சிறிது நேரத்தில் அது தேவைப்படும்.

நீலகிரியில் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிக் கடப்போம். குளிர்ந்த ஏரியையும் ஓடையையும் கண்ட துரைமார்களுக்குத் தங்கள் வடபுலத்து ஏரிகளின் நினைவு வந்தது. உள்ளூர் மீன் அவர்கள் தூண்டிலுக்குப் போதவில்லை. 1860களில் டிரௌட் மீனின் முட்டைகளைக் கொண்டுவர டே முயன்று தோற்றார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எச்.சி. வில்சன் அதில் வெற்றி கண்டார். அவலாஞ்சியில் குஞ்சு பொரிப்பகம் எழுந்தது. சில பேரின் பொழுதுபோக்குக்காக ஒரு நீர்நிலையின் குடிகளை மாற்றலாம் என்ற எண்ணம் தமிழகத்தில் வேர்பிடித்தது அங்கேதான் என்று நாம் கருதுகிறோம். மலையில் விளையாட்டுக்காகச் செய்ததைச் சமவெளியில் உணவுக்காகச் செய்தார்கள். அந்த நோக்கத்தைக் குறைகூற முடியாது. பஞ்சங்களைக் கண்ட மாகாணம் இது. பிரடெரிக் நிக்கல்சன் தலைமையில் சென்னை மாகாண மீன்வளப் பணி தொடங்கியபோது ஏழையின் வயிறே பேசுபொருளாக இருந்தது. 1911இல் சுங்கேசுலாவில் மீன்பண்ணை அமைந்தது.

விடுதலைக்குப் பிறகு இரண்டு ஆண்டுகள் நம் குளங்களின் தலையெழுத்தை மாற்றின.

முதலாவது 1952. ஆப்பிரிக்காவைத் தாயகமாகக் கொண்ட திலேப்பியா அவ்வாண்டில் இந்தியாவுக்குள் வந்தது. நம் மக்கள் அதைச் சிலேபி என்றார்கள், சிலர் ஜிலேபிக் கெண்டை என்றே இனிப்பாக்கிவிட்டார்கள். தாய் மீன் முட்டையையும் குஞ்சையும் வாயில் வைத்துக் காக்கும். ஆண்டில் பலமுறை இனம் பெருக்கும். எதைப் போட்டாலும் தின்னும். விருந்தாளியாக வந்து வீட்டை எழுதி வாங்கிக்கொண்டவர்களின் கதைகள் நமக்குப் புதியன அல்ல.

இரண்டாவது 1957. அதுவரை கட்லா, ரோகு, மிர்கால் ஆகிய பெருங்கெண்டைகளின் குஞ்சு வேண்டுமென்றால் கங்கை, கோதாவரி போன்ற பேராறுகளில் வெள்ளக் காலத்தில் அள்ளி வரவேண்டும்; தேங்கிய நீரில் அவை முட்டையிடுவதில்லை. அவ்வாண்டு ஜூலை 10ஆம் நாள் ஒடிசாவின் அங்குல் என்னுமிடத்தில் ஹிராலால் சௌதுரி, பிட்யூட்டரிச் சுரப்பியின் சாற்றை ஊசி மூலம் செலுத்தி அம்மீன்களைப் பண்ணையிலேயே முட்டையிட வைத்தார். அந்நாள் இன்று தேசிய மீன் உழவர் நாளாகக் கொண்டாடப்படுகிறது. இந்தியரின் தட்டில் மீன் வந்ததற்கு அந்த ஊசி ஒரு பெருங்காரணம். அந்த அறிவியலாளர் வணங்கத் தக்கவர். 1959இல் வெள்ளிக் கெண்டையும் புல்கெண்டையும் வெளிநாட்டிலிருந்து வந்து சேர்ந்தன. வேண்டும்போது வேண்டிய அளவு குஞ்சு கிடைக்கத் தொடங்கியது. குளம் வயலாயிற்று, மீன் பயிராயிற்று.

பயிர் என்றால் களை என்று ஒன்று வேண்டுமல்லவா? மீன்வளர்ப்புக் கையேடு ஒன்றை வாசித்துக்கொண்டிருந்தபோது நாம் சற்று நேரம் அப்படியே உட்கார்ந்துவிட்டோம். குளத்தில் குஞ்சு விடுவதற்கு முன் அகற்றவேண்டியவை என்ற தலைப்பின்கீழ்க் 'களை மீன்கள்', 'பிற மீன்களைக் கொன்று தின்னும் மீன்கள்' என்று ஒரு பட்டியல். வரால் இருந்தது. வாளை இருந்தது. கெளிறு இருந்தது. ஆரலும் இருந்தது. குடபுலவியனார் பாண்டியனின் செழிப்புக்குச் சான்றாக அடைமொழி கொடுத்துப் பாடிய அதே நான்கு. அவற்றைக் கொல்ல இலுப்பைப் புண்ணாக்கு, ஒரு மீட்டர் ஆழமுள்ள ஒரு ஹெக்டேர் நீருக்கு 2,500 கிலோ வரை இடலாம் என்று அளவும் தரப்பட்டிருந்தது. புண்ணாக்கிலுள்ள சப்போனின் மீனுக்கு நஞ்சு. சில வாரங்களில் நஞ்சு நீங்கி அதுவே உரமாகிவிடும். 1897இன் சட்டம் நம் நினைவுக்கு வந்தது. தம் பண்ணைக் குட்டையில் ஒருவர் செய்துகொள்வது வேறு, ஆற்றில் நஞ்சைக் கலப்பது வேறு என்று சட்டம் தெரிந்தவர்கள் விளக்கக்கூடும். வராலுக்கு அந்த வேறுபாடு விளங்குமா என்பது ஐயமே.

கையேட்டை எழுதியவர்களை நாம் பழிக்கவில்லை. கட்லாக் குஞ்சை வரால் விழுங்கும் என்பது உண்மை. ஏலத்தொகையும் குஞ்சு வாங்கிய தொகையும் நாலைந்து மாதத்தில், நீர் வற்றுமுன், திரும்பி வரவேண்டும் என்பது குத்தகைக்காரரின் நெருக்கடி. மழை பொய்த்தால் அவரும் கடனாளிதான். வேடிக்கை என்னவென்றால் சந்தையில் கட்லாவைவிட வராலுக்கே விலை கூடுதல். களை நெல்லைவிட விலைபோகும் வயலை வேறெங்கும் நாம் கண்டதில்லை.

பாட்டனாரிடம் நால்வரையும் ஒவ்வொருவராக விசாரித்தோம். அவர் மதிப்பீட்டை அப்படியே தருகிறோம். ஒரே ஒருவரின் ஐம்பதாண்டு அனுபவம் என்ற அளவில் வாசகர்கள் கொள்ளலாம்.

"வாளையா? நம்ம குளத்துல அது ஏது வாத்தியாரய்யா. மானூர்ப் பக்கம், சித்தாத்துத் தண்ணி வார குளத்துல எளவட்டமா இருக்கையில பிடிச்சிருக்கேன். எம்புட்டு நீளம்ங்கிய! இப்ப அங்கயும் இல்லங்கான்." வாளை ஆழமும் பரப்பும் உள்ள நீரை விரும்பும் பெருமீன், வானம் பார்த்த குளத்தில் அதை எதிர்பார்ப்பது நம் பிழைதான். ஆனால் இந்த இல்லாமை நம் ஊரோடு நிற்கவில்லை. பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் 2019ஆம் ஆண்டு மதிப்பீட்டில் வாளையை அழிவின் அச்சுறுத்தலுக்கு உள்ளான இனங்களில் சேர்த்திருக்கிறது. நிழலுக்கு அஞ்சிய மீனின் அச்சம் வீணானதன்று.

ஆரல், சேறு அள்ளும்போது கிடைக்கிறது, தூண்டிலில் எப்போதாவது. கெளிற்றைக் கெளுத்தி என்றே இன்று பலரும் சொல்கிறார்கள். செவுளோர முள் குத்தினால் கடுக்கும் என்பதால் சிறுவர்கள் அதைத் தூண்டிலிலிருந்து கழற்றப் பயப்படுகிறார்கள். அந்தப் பயம் இன்னும் இருப்பதால் கெளிறும் இன்னும் இருக்கிறது என்று அறிகிறோம். வரால் மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை. புண்ணாக்கு இட்ட குளத்திலும் இரண்டு மழைக்குப் பிறகு எங்கிருந்தோ வந்து, பாசியை விலக்கிக் கூடு செய்து, செந்நிறக் குஞ்சுக் கூட்டத்துக்குத் தாயும் தந்தையும் காவல் இருப்பதை நாம் கண்ணாரக் கண்டோம். அந்தக் காவல் நேரத்தில் தூண்டில் போடக் கூடாது என்பது பாட்டனாரின் விதி. எச்சட்டத்திலும் அது இல்லை.

சென்ற தை மாதக் கடைசியில் மறுபடி அக்கரைக்குப் போயிருந்தோம். முழங்கால் நீர். மறுகால் கல்லின்மேல் பையன்கள் நாலு பேர், கையில் சீனத்து ரீல் பூட்டிய கண்ணாடியிழைக் கம்பு. இணையத்தில் வாங்கியதாம். இரை மைதா மாவு உருண்டை. ஒரு மணி நேரத்தில் பதினொரு மீன், பதினொன்றும் சிலேபி. உள்ளங்கைக்கு மேல் ஒன்றுகூட இல்லை. தூண்டில்காரனுக்கு இன்று இக்குளங்களில் உள்ள வாய்ப்பு இதுதான்: எண்ணிக்கைக்குக் குறைவில்லை, வகைக்குத்தான் பஞ்சம். வரால் வேண்டுமென்றால் விடியலில் போகவேண்டும். மாசியில், நீர் சுருங்கும் காலத்தில், அல்லிக் கொடிக்கும் திறந்த நீருக்கும் இடைப்பட்ட விளிம்பில், உயிருள்ள அயிரையோடு உட்காரவேண்டும். ஆனால் அயிரைக்கு எங்கே போவது? அயிரை கிலோ இவ்வளவென்று மதுரை ஓட்டல்களுக்குப் போய்விடுகிறது. பழமொழியின் கணக்கு தலைகீழாகிவிட்டது. இன்று வராலை விற்றுத்தான் அயிரை வாங்கவேண்டும்.

பையன்கள் பன்னிரண்டாவது மீனுக்கு முயலும்போது குத்தகைக்காரரின் காவலாள் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கிச் சத்தம் போட்டார். ஓடினார்கள். பாட்டனார் மட்டும் எழவில்லை. காவலாள் அவரைப் பார்த்து, "அண்ணாச்சி, நீங்க இருந்துக்கோங்க. ஆனா கட்லா மாட்டுனா விட்டுரணும்" என்றார்.

"உங்க கட்லா எனக்கு எதுக்குடே? நான் வராலுக்குப் போட்டிருக்கேன்" என்றார் இவர்.

"அந்தச் சனியனையா? எத்தனை வேணும்னாலும் பிடிங்க" என்று சொல்லிவிட்டுக் காவலாள் வண்டியைக் கிளப்பினார். தக்கை அசையாமல் நின்றது. கரையோர நாணலின் நிழல் நீரில் ஆடிக்கொண்டிருந்தது.